செருப்பு விடும் இடம்

நாற்பத்திரண்டு ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்தாறு ஜோடி செருப்புகள் இருந்தன.

லாசர் முதலிலிருந்து மறுபடி எண்ணினார். இந்தத் தடவை ஐம்பத்தெட்டு வந்தது. எண்ணிக்கொண்டிருக்கும்போதே யாரோ இரண்டு பேர் கழற்றி விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். யார் என்று பார்க்கவும் வழியில்லை. ஏரியிலிருந்து எழுந்த மூடுபனி கரைப் புல்வெளியையும் தாண்டிப் பள்ளிக்கூட கேட் வரைக்கும் வந்து நின்றிருந்தது. பத்தடிக்கு அப்பால் நிற்பது ஆளா மரமா என்பது இருமினால்தான் தெரியும்.

ஏற்காட்டு ஏரியை ஒட்டிய ஒரு மிஷன் பள்ளியில் லாசர் இருபத்தாறு வருடமாக டிராயிங் மாஸ்டர். தங்கமான மனிதர், ஆனால் பாதி நேரம் ஆள் இங்கே இருக்க மாட்டார். பிள்ளைகளை மாம்பழம் வரையச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மணி அடித்த பிறகும் நிற்பார். அடுத்த வகுப்புக்கு வரும் கணக்கு டீச்சர் தொண்டையைச் செருமினால்தான் இந்த உலகத்துக்குத் திரும்புவார்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்தபோது அவருக்கு ஒரு கனவு வந்தது. ஏரிக்கரையில் பிழைக்கிறவர்களின் செருப்புகள் எல்லாம், போட்டுக்கொள்ள ஆள் இல்லாமல், தாங்களாகவே தண்ணீர்மேல் நடந்து பள்ளிக்கூடத்துக்கு வருகின்றன. வந்து பெஞ்சுகளுக்கு அடியில் சத்தமில்லாமல் வரிசையாக நிற்கின்றன. விழித்த கையோடு அதை ஏழாம் வகுப்பில் போய்ச் சொன்னார். மற்ற கனவுகளைப்போல இதுவும் அவரோடு போயிருக்கும். ஏழாம் வகுப்புதான் விடவில்லை.

நாற்பத்திரண்டு பிள்ளைகள். ஆளுக்கொரு ஏரிக்கரைக்காரர். படகு தள்ளுகிறவர், சோளம் சுடுகிறவர், மிளகு விற்கிறவர், குதிரைக்காரர் என்று ஒவ்வொருவரிடமும் போய் ஒரு ஜோடிப் பழைய செருப்பும், அந்தச் செருப்பைப் பற்றி ஒரு வரியும் வாங்கி வர வேண்டும். இத்தனை வருடமாக இந்தப் பிள்ளைகள் தினமும் இவர்களைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறார்கள். ஒருத்தர் பெயர்கூடத் தெரியாது. செருப்புக் கேட்கப் போன இடத்தில் பெயர் தெரிந்தது, ஊர் தெரிந்தது, யாருக்கு எந்த முழங்காலில் வலி என்பதுவரை தெரிந்துவிட்டது. சோளம் வேறு சும்மா கிடைத்தது.

வாங்கி வந்த செருப்புகளுக்குப் பிள்ளைகள் வண்ணம் அடித்தார்கள். பள்ளி கேட்டுக்கு உள்ளே இருக்கிற கரைப் புல்வெளியில் நீளப் பலகைகள் போட்டு, ஏரியைப் பார்த்தபடி அவற்றை வரிசையாக வைத்தார்கள். போட்டிருந்தவர்கள் எல்லாம் இப்போதுதான் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் நடந்து போன மாதிரி இருந்தது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் அட்டை. "இது படகைத் தள்ளித் தள்ளி ஒரு பக்கமாகத் தேய்ந்தது." "இது குதிரைக்குப் பின்னாலேயே பன்னிரண்டு வருடம் நடந்தது. ஒரு தடவை குதிரை மிதித்தும் பிழைத்தது."

வண்ணம் அடிக்காத ஜோடி ஒன்றே ஒன்று. அது அத்தாயியுடையது. மஞ்சக்குட்டையிலிருந்து வந்து ஏரிக்கரையில் பட்டர் ஃப்ரூட் விற்கிற அம்மாள். புருஷன் ஐயாக்கண்ணு இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஷீனா என்கிற பெண்தான் அத்தாயியிடம் செருப்புக் கேட்டுப் போனவள். மற்றவர்களைப்போல அவளிடம் கொடுத்துவிடாமல் அத்தாயியே மஞ்சப்பையில் வைத்து நேரில் கொண்டுவந்தார். டயர் அடி வைத்த தோல் செருப்பு. வலது காலின் விரல் வளையத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்ததில் இரண்டும் பளபளத்தன.

"பெயிண்டு கியிண்டு அடிச்சுராதீங்க சார். இருக்கிறபடியே இருக்கோணும். ஆணியும் வேண்டாமுங்க. எல்லாரு கண்ணுலயும் படுற மாதிரி முன்னால வைங்க."

"ஐயாக்கண்ணு அண்ணன் வெச்சிருந்ததுங்களா?" என்று கேட்டார் லாசர்.

"கட்டிலுக்கு அடியில துணி சுத்தி வெச்சிருப்பாருங்க. போடவே மாட்டாரு. வருசா வருசம் எடுத்து எண்ணெ போட்டுத் தொடச்சு வெப்பாரு. சாகுற வரைக்கும் இதே நெனப்புதானுங்க."

லாசருக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் பார்க்கப் பார்க்க நெஞ்சில் கைவைத்து, "அம்மா, இது இங்க இருந்து ஓரடி நகராது. ஞாயித்துக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு நீங்க வந்து உங்க கையால எடுத்துட்டுப் போவீங்க. அது என் பொறுப்பு" என்றார்.

அத்தாயி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பழத்துக்கு ஆள் வந்துவிட்டதென்று கரையிலிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

அவருடைய அட்டையில் இருந்த வரி இது: "இது சேர்வராயன் கோயிலுக்குப் போனது. அப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்தது." குதிரை மிதித்த செருப்புக்குப் பக்கத்தில் இது கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. துக்கத்தில் இருக்கிறவரிடம் இதைவிட நல்ல வரி ஒன்று கேட்க லாசருக்கு மனம் வரவில்லை.

இதுதான் நாற்பத்திரண்டு ஜோடியின் கதை. மிச்சப் பதினாறு ஜோடி எங்கிருந்து வந்தது என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் மூடுபனிக்குள்ளிருந்து வெளிப்பட்டது. பலகைக்கு முன்னால் வந்ததும் அப்பா நின்றார். குனிந்து செருப்பைக் கழற்றினார். அம்மா கழற்றினார். பெரிய பெண் கழற்றினாள். கைக்குழந்தையின் பூட்ஸைக்கூடக் கழற்றினார்கள். இத்தனை பேர் செருப்பை விட்டிருக்கிற இடத்தில் செருப்போடு நடப்பதற்கு நம் ஊரில் யாருக்குத்தான் கால் வரும்?

லாசர் ஓடினார். "ஏனுங்க, இங்க செருப்பு விட வேண்டியதில்லைங்க."

"பரவால்லீங்க. என்ன சாமிங்க இங்க?"

"சாமியெல்லாம் இல்லீங்க. இது பள்ளிக்கொழந்தைங்க செஞ்ச கலை."

"சரிங்க, சரிங்க" என்று அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இங்க ஒண்ணுமே இல்லீங்க."

"தெரியுதுங்க. எங்க போனாலும் எதாவது ஒண்ணு வெச்சிருப்பாங்க. இங்க ஒண்ணுமே இல்லாம வெச்சிருக்காங்களே, அதுதான் விசேஷம்."

குடும்பம் ஈரப் புல்லில் வெறுங்காலோடு நடந்து தண்ணீர் ஓரம்வரை போய் நின்றது. எதிரே ஏரி இல்லை. வானம் இல்லை. வெள்ளையாக ஒன்று மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒரு பெடல் படகின் சத்தம் வந்தது, படகு வரவில்லை. வழியெல்லாம் அழுதுகொண்டு வந்த குழந்தை அழுகையை நிறுத்தியது. கைப்பேசியை எடுத்த பெண் அதைத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

பக்கத்தில் இன்னும் பதினாறு பேர் அப்படியே நிற்பது லாசருக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒருவரும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் இப்படி ஓர் அமைதியை அவர் கேட்டதே இல்லை. தானும் போய்ப் பக்கத்தில் நிற்கலாமா என்று அவருக்கே ஒரு கணம் ஆசை வந்தது. அத்தாயியின் முகம் நினைவுக்கு வந்ததும் சுதாரித்துக்கொண்டார். இந்தக் கூட்டத்தில் ஒருவர் கால் மாறிப் போட்டுக்கொண்டு போனால் முடிந்தது கதை.

பள்ளிக்குள் ஓடி, ஒரு சார்ட் தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொண்டுவந்து பலகை முன்னால் நட்டார். "செருப்புகளைத் தொடாதீர்கள்."

பத்து நிமிடத்தில் ஒரு புது மணப்பெண் திரும்பி வந்தாள். தன் செருப்பைப் பார்த்தாள். போர்டைப் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"எடுத்துக்கம்மா. அது உன் செருப்புதானே?" என்றார் லாசர்.

"தொடக்கூடாதுன்னு போட்டிருக்குதுங்களே. நீங்களே எடுத்துக் குடுத்துருங்க."

லாசர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் அதுதான் இங்கே முறை என்று முடிவுகட்டினார்கள். "ஐயா, அந்தப் பிரவுன் கலருங்க." "ஐயா, ஹீல்ஸ் வெச்சது என்னோடது." "அது என்னோடதுங்க, இல்ல இல்ல, அதுக்குப் பக்கத்துல இருக்கிறது." ஒருவர் டோக்கன் இல்லையா என்று கேட்டார். இன்னொருவர், "நீங்களே ஷூ போட்டுட்டு நிக்கிறீங்களே, இதெல்லாம் நல்லாவா இருக்குது?" என்று வருத்தத்தோடு கேட்டார். இருபது பேர் லாசரின் காலைப் பார்த்தார்கள். அவர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். அதற்குப் பிறகு அந்த ஷூவை அவர் பார்க்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பி.டி. மாஸ்டர் தனபால் விசிலோடு வந்து சேர்ந்தார். எந்தக் கஷ்டத்துக்கும் அவரிடம் ஒரே மருந்துதான் உண்டு. விளையாட்டு அறையிலிருந்து நைலான் கயிறு கொண்டுவந்து பலகையைச் சுற்றிக் கட்டி, ஒரு பக்கம் மட்டும் வழி விட்டார்.

"இப்ப பாருங்க சார், ஒரு பய கிட்ட வர மாட்டான்" என்றார்.

கயிறு கட்டினால் வரிசை வரும் என்பதை அந்தக் காலத்து ஹாக்கி வீரரான தனபால் யோசிக்கவில்லை. வரிசை வந்தது. கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வளைந்தது. எதற்கென்று தெரியாமலேயே ஆட்கள் பின்னால் வந்து நின்றார்கள். முன்னால் நிற்கிறவரைக் கேட்டார்கள். அவருக்கும் தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்காக இத்தனை பேர் நிற்கிறார்கள் என்றால் அது பெரிய விஷயமாகத்தான் இருக்கும் என்று இன்னும் அழுத்தமாக நின்றார்கள். தனபால் விசில் ஊதினார். ஒவ்வொரு விசிலுக்கும் பத்துப் பேர் பயபக்தியோடு உள்ளே போனார்கள்.

அந்த வரிசையில் வந்த ஒருவர்மட்டும் ஏரிப் பக்கம் போகவில்லை. அறுபத்தைந்து வயதிருக்கும். தலையில் பச்சைத் துண்டு, காலில் நீல ரப்பர் செருப்பு. எல்லாரையும் போலச் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு வந்தவர், பலகை முன்னால் நின்று அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அத்தாயியின் ஜோடிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அட்டையைப் படித்தார். செருப்பைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் படித்தார்.

லாசருக்கு மனம் நிறைந்துபோனது. காலையிலிருந்து வந்த அத்தனை கூட்டத்தில் கலையைப் பார்த்த ஒரே ஆள் இவர்தான். ஒரு ரசிகராவது வந்தாரே.

"நல்லா இருக்குதுங்களா?" என்று பக்கத்தில் போய்க் கேட்டார்.

"நொம்ப நல்லா இருக்குதுங்க. நல்லபடியா வெச்சிருக்காங்க" என்றார் பெரியவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதெல்லாம் முடிஞ்ச பொறகு என்னங்க பண்ணுவீங்க?"

"அவங்கவங்க செருப்ப அவங்கவங்ககிட்டயே குடுத்துருவோமுங்க."

"அது சரிதானுங்க" என்று பெரியவர் தலையாட்டினார். இன்னும் ஏதோ கேட்க இருந்தார். அதற்குள் யாரோ ஹீல்ஸைக் காணோம் என்று லாசரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்று மணிக்கு நிலைமை எல்லை மீறியது. பலகையில் இடம் இல்லாமல் செருப்புமேல் செருப்பாகக் கிடந்தது. லாசர் கடைசி வழியாக ஒன்று செய்தார். பத்தடி தள்ளிச் சிமென்ட் நடைபாதையில் சாக்பீஸால் பெரிய கட்டம் போட்டு, அம்புக்குறியும் போட்டு, "செருப்பு விடும் இடம்" என்று எழுதினார். பார்வையாளர்கள் செருப்பு அங்கே, கலைச் செருப்பு இங்கே. அதோடு தீர்ந்தது.

எழுதி முடித்ததும் இதுவரை சந்தேகத்தோடு செருப்புப் போட்டுக்கொண்டு நின்ற நாலைந்து பேரும் நிம்மதியாகக் கழற்றினார்கள்.

லாசர் ஷீனாவையும் நாலு பிள்ளைகளையும் கூப்பிட்டார். "கண்ணுங்களா, சீக்கிரம் பிரிச்சு வைங்க. பெயிண்டு அடிச்சிருந்தா பலகைல இருக்கட்டும். அடிக்காததெல்லாம் கட்டத்துக்குள்ள."

"சார், அத்தாயியம்மா செருப்புல..." என்று ஷீனா ஆரம்பித்தாள்.

"பெயிண்டு இருந்தா இங்க, இல்லைன்னா அங்க. அவ்வளவுதான் கண்ணு, கேள்வி கேக்காத" என்று சொல்லிவிட்டு லாசர் ஹீல்ஸ் தேடப் போனார்.

சொன்னபடி கேட்கிற பிள்ளைகள். சொன்னபடியே செய்தார்கள்.

நாலு மணி சுமாருக்கு ஒரு காற்று வந்தது. மூடுபனி மேலேறி, மரங்கள் தெரிந்து, பிறகு தண்ணீர் தெரிந்தது. வெயிலில் ஏரி முழுசாக வந்து நின்றது. வெறுங்காலோடு நின்ற கூட்டம் அதைப் பார்த்தது.

"லேக்குதானா?" என்றார் ஒருவர். "இதத்தான் காலைலயே பாத்தமே."

கால்மணி நேரத்தில் கூட்டம் கலைந்தது. அவரவர் அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு பஜ்ஜிக் கடைப் பக்கம் போனார்கள். அமைதி போய்விட்டது. லாசர் பெருமூச்சு விட்டுப் பலகைக்கு வந்து எண்ணினார். நாற்பத்தொன்று. முன்வரிசை நடுவில் ஓர் அட்டை மட்டும் தனியாக நின்றது. "அப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்தது."

கட்டத்துக்கு ஓடினார். அங்கே நீல ரப்பர் செருப்பு ஒரு ஜோடி மட்டும், ஏரியைப் பார்த்தபடி ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

"பச்சத் துண்டு கட்டிட்டு ஒரு தாத்தா வந்தாருல்லீங்க சார்" என்றாள் ஷீனா. "அவருதான் இத விட்டுட்டு அதப் போட்டுட்டுப் போனாரு. இது உங்களோடதுங்களான்னு கேட்டேன். சிரிச்சுட்டே ஆமான்னாரு. பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாருங்க."

ரசிகன் என்று நினைத்தது ஒரு செருப்புத் திருடனையா? இருபத்தாறு வருடத்தில் அவர் யாருக்கும் பெரிதாக வாக்குக் கொடுத்ததில்லை. கொடுத்த ஒன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாண்டவில்லை. புருஷன் துணி சுற்றி வைத்த பொருளை நம்பிக் கொடுத்தவர் ஐந்து மணிக்கு வந்து நின்றால் என்ன முகத்தைக் காட்டுவது? ரப்பர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினார்.

குப்பனூர் வழி சேலம் போகிற பஸ் எஞ்சினை உறுமிக்கொண்டு நின்றது. லாசர் ஏறினார். பச்சைத் துண்டைத் தேட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. காலையிலிருந்து செருப்புகளையே பார்த்துப் பழகிய கண்கள். இரண்டாய் மடிந்து, சீட்டுக்கு அடியில் குனிந்து, காலை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். பெண்கள் காலை இழுத்துக்கொண்டார்கள்.

"என்னங்க சார் தேடுறீங்க?" என்றார் கண்டக்டர்.

"செருப்பு."

பஸ்ஸே குனிந்து தன் காலைப் பார்த்தது.

கடைசிக்கு முந்தின சீட்டில் டயர் செருப்பு இருந்தது. வலது விரல் வளையத்தில் செம்புக் கம்பி. லாசர் நிமிர்ந்தார். பச்சைத் துண்டு, அதே சாந்தமான முகம்.

"பெரியவரே, கழட்டுங்க."

"இது என்னோடதுங்க" என்றார் பெரியவர்.

"காலைல இருந்து நூறு பேரு எங்கிட்ட இதையேதான் சொன்னாங்க. அட்டைய நீங்களே படிச்சீங்க. அந்தம்மா ஊட்டுச் செருப்புன்னு எழுதியிருந்துச்சா இல்லையா?"

"எழுதியிருந்துச்சுங்க. அதப் படிச்சுப்போட்டுத்தான் எடுத்துக்கிட்டேன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. "நொம்ப நேர்மையான ஆளுதான்" என்றார் கண்டக்டர்.

"இந்தக் கம்பி நான் சுத்துனதுங்க" என்றார் பெரியவர் நிதானமாக.

"அரைமணி நேரம் அதுக்கு முன்னால உக்காந்து பாத்தீங்களே, கம்பி இருக்கிறது தெரியாதா?" லாசருக்கு மூச்சு வாங்கியது. கோபம் போய் அழுகை வரும்போல இருந்தது. "இதப் பாருங்க. அந்தம்மாவோட ஊட்டுக்காரரு செத்துப்போயிட்டாரு. இத அவரு உசுரா வெச்சிருந்தாரு. எண்ணெ போட்டு, துணி சுத்தி வெச்சிருந்தாரு. அவரு நெனப்பா அவங்ககிட்ட இருக்கிறது இது ஒண்ணுதானுங்க."

பெரியவர் முகம் மாறியது.

"செத்துப்போயிட்டாருங்களா?"

"ரெண்டு வருசமாச்சு."

"எண்ணெ போட்டு வெச்சிருந்தாருங்களா?"

"வருசா வருசம்."

பெரியவர் குனிந்து இரண்டையும் கழற்றி, துண்டை அவிழ்த்துத் தூசியைத் துடைத்து, லாசர் கையில் கொடுத்தார்.

"அப்படின்னா அந்தம்மாகிட்டயே இருக்கட்டுமுங்க. நான் போட்டு நடக்கக்கூடாது."

லாசர் ரப்பர் செருப்பைக் கொடுத்தார். திருடனாக இருந்தாலும் மனம் உள்ளவன் என்று நினைத்துக்கொண்டார். பஸ் கிளம்பியது. வளைவில் திரும்பும்போது பெரியவர் ஜன்னல் வழியாகக் கும்பிட்டது தெரிந்தது. அது தன்னையா, கையில் இருந்த செருப்பையா என்று லாசருக்கு விளங்கவில்லை.

இனி ஒரு விநாடிகூட நம்ப முடியாது. பள்ளிக்கு வந்ததும் தனபாலிடம் கட்டுக்கம்பி வாங்கி, குறடு போட்டு முறுக்கி, இரண்டு செருப்பையும் பலகையோடு சேர்த்துக் கட்டினார். ஆணி அடிக்க வேண்டாம் என்றுதான் அத்தாயி சொல்லியிருந்தார். கம்பியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இழுத்துப் பார்த்தார். பலகைதான் வந்தது, செருப்பு வரவில்லை.

சரியாக ஐந்து மணிக்கு அத்தாயி வந்தார். இதற்கென்றே சேலை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். கேட்டுக்குள் நுழையும்போதே கண் முன்வரிசை நடுவுக்குப் போனது. வேகமாக வந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னும் இங்கயேதான் இருக்குதுங்களா?" என்றார்.

லாசர் வெறுங்காலோடு, சேறு அப்பிய பேண்ட்டோடு, தன் வாழ்நாளிலேயே இல்லாத பெருமிதத்தோடு நின்றார். "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேம்மா. எப்படிக் குடுத்தீங்களோ அப்படியே இருக்குது."

அத்தாயி குனிந்து கட்டுக்கம்பியைத் தொட்டுப் பார்த்தார். "கம்பி போட்டிருக்கீங்களே சார்."

"போடாம என்ன பண்றது? ஒரு பெரியவரு எல்லாரு கண்ணு முன்னாலயும் போட்டுக்கிட்டுப் போயிக் குப்பனூர் பஸ்ஸுல ஏறிட்டாரு. தொரத்திட்டுப் போயிக் கால்ல இருந்து கழட்டி வாங்கியாந்திருக்கேன். தன்னோடதுன்னு சத்தியம் பண்ணாத கொறையா நின்னாரும்மா. கம்பிகூட அவருதான் சுத்துனாராம்."

அத்தாயி பலகை ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார். ஏரி மறுபடி வெளுக்கத் தொடங்கியிருந்தது. அக்கரை மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

"அவரு காலுக்கு அது சரியா இருந்துச்சுங்களா சார்?"

"அத ஏன் கேக்குறீங்க, அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருந்துச்சு" என்றார் லாசர்.

ஷீனா லாசரை நிமிர்ந்து பார்த்தாள். கீழே எங்கோ ஒரு வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. அத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இது எங்க ஊட்டுக்காரரு செருப்பே இல்லீங்க சார், பத்து வருசத்துக்கு முன்னால கோயில் வாசல்ல பனிமூட்டத்துல மாத்திப் போட்டுட்டு வந்துட்டாரு, செருப்புக்குச் சொந்தக்காரரு கண்ணுல பட்டு, வந்து போட்டுட்டுப் போவட்டும்னுதான் இத உங்ககிட்டக் குடுத்தேன்."